ஒழுங்கைக்கு எந்தச் சங்கம் பொருந்தும்? நான்கு வழிகளின் ஒப்பீடு

யாழ்ப்பாணத்தில் கொக்குவில், அரியாலை, மானிப்பாய், சுன்னாகம் என்று இடம் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. ஒழுங்கையில் இருபது இருபத்தைந்து வீடு, அதில் ஐந்தாறு பூட்டிக் கிடக்கிறது. மாரியில் படலை தாண்டித் தண்ணீர் வருகிறது. மூன்று மின்கம்பங்களில் வெளிச்சம் இல்லை. வெறுங்காணி ஒன்று குப்பை மேடாகிவிட்டது. கனடாவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் உதவத் தயார், ஆனால் பணத்தை யார் பெயருக்கு அனுப்புவது என்று கேட்கிறார்கள். உடனே யாரோ ஒருவர் சொல்வார்: "நாங்களே ஒரு சங்கம் தொடங்கிப் பதிவம்."

தொடங்குவது சுலபம். மூன்றாம் வருடமும் அதை உயிரோடு வைத்திருப்பதுதான் கடினம். பெரும்பாலான ஒழுங்கைகளுக்குப் புதுச் சங்கம் தேவையில்லை. ஏற்கெனவே இருக்கும் சனசமூக நிலையத்தின் கீழ் ஓர் உபகுழுவாக இயங்குவதே நல்லது என்பது எங்கள் முடிவு. இதற்கு விதிவிலக்குகள் உண்டு. எந்த வேலைக்கு எந்த அமைப்புப் பொருந்தும், எங்கே கண்ணுக்குத் தெரியாத செலவு ஒளிந்திருக்கிறது என்பதைக் கீழே பிரித்துப் பார்க்கிறோம்.

## முதலில்: அந்த ஒழுங்கை யாருடையது?

இதற்கு விடை தெரியாமல் சங்கம் அமைப்பது, எந்த வீட்டுக் கதவு என்று தெரியாமல் தட்டிக்கொண்டு நிற்பதுதான்.

யாழ்ப்பாண மாவட்டத்தில் மாநகர சபை 1, நகர சபை 3, பிரதேச சபை 13 என்று மொத்தம் 17 உள்ளூராட்சி சபைகள் இருக்கின்றன. இவை நாங்கள் வாக்களித்துத் தெரிவு செய்பவை. இன்னொரு பக்கத்தில் 15 பிரதேச செயலகங்களும் 435 கிராம அலுவலர் பிரிவுகளும் இருக்கின்றன. இவை கச்சேரி என்று நாங்கள் சொல்லும் மாவட்டச் செயலகம் வழியாக நடக்கும் அரச நிர்வாகம். பிரதேச சபை வேறு, பிரதேச செயலகம் வேறு. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் வருடக்கணக்கில் தவறான காரியாலயத்துக்குக் கடிதம் கொடுத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. அதற்குக் கீழுள்ள உள்வீதிகளும் ஒழுங்கைகளும் உள்ளூராட்சி சபையுடையவை. தெருவிளக்கைப் பராமரிப்பதும் குப்பை எடுப்பதும் அதே சபைதான். வெள்ளம் போய்ச் சேரும் குளமும் வயல் வாய்க்காலும் பெரும்பாலும் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கையில் இருக்கும்.

இவை எதிலும் அடங்காத நான்காவது வகை ஒன்று உண்டு: தனியார் ஒழுங்கை. பெரிய வளவு ஒன்றைப் பிள்ளைகளுக்குப் பிரித்தபோது விட்ட பாதை அது. உங்கள் காணி உறுதியை எடுத்துப் பாருங்கள். கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எழுதிய இடத்தில் அந்தப் பாதை எப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது, நில அளவைப் படத்தில் அது யாருடைய துண்டு என்பது தெரியும். தனியார் ஒழுங்கையில் சபை பொதுப்பணத்தைச் செலவழிக்க முடியாது. முதலில் பங்காளிகள் எல்லோரும் அதைச் சபைக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். வெளிநாட்டில் உள்ள பங்காளியின் கையெழுத்துக்கோ, அவருக்காக இன்னொருவர் கையெழுத்திட அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவத்துக்கோ மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும். அந்த வேலை முடியும்வரை எந்தச் சங்கத்தைப் பதிந்தாலும் ஒழுங்கைக்குச் சபைப் பணம் வராது.

வாய்வழியாகக் கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்வார்கள். எழுத்தில் கேளுங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி சபையின் தகவல் அலுவலரிடம் மூன்று கேள்விகளைக் கொடுத்தால் போதும். இந்த ஒழுங்கை உங்கள் வீதிப் பதிவேட்டில் இருக்கிறதா? என்ன பெயரில், என்ன நீள அகலத்தில்? கடைசியாக அதற்கு எப்போது, எவ்வளவு செலவிடப்பட்டது? தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலைநாட்களுக்குள் அவர் அறிவிக்க வேண்டும். இதற்குப் பதிவு பெற்ற சங்கம் தேவையில்லை. உறுப்பினரில் முக்கால் பங்கினர் இலங்கைப் பிரசைகளாக இருந்தால் பதிவில்லாத குழுவும் விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள் நிறைந்த குழு என்றால், ஊரில் இருக்கும் ஒருவர் தன் பெயரிலேயே கேட்பது வசதி.

## எதை வைத்து ஒப்பிடுவது?

ஆறு விடயங்களைப் பாருங்கள்.

1. உங்கள் பிரச்சினைக்குப் பொறுப்பான காரியாலயம் அந்த அமைப்பை ஏற்றுக்கொள்கிறதா?
2. பணம் யார் பெயரில் இருக்கும்? அவர் இறந்தாலோ வெளிநாடு போனாலோ என்ன ஆகும்?
3. காணி, கட்டடம் வைத்திருக்க முடியுமா?
4. செயலாளருக்கும் பொருளாளருக்கும் மாதம் எத்தனை மணித்தியால வேலை?
5. யாருக்கு வாக்கு? வாடகைக்கு இருப்பவருக்கு, வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்காரருக்கு, பெண்களுக்கு உண்மையில் இடம் இருக்கிறதா?
6. பிணக்கு வந்து உடைந்தால் மிஞ்சிய பணமும் பொருளும் எங்கே போகும்?

ஆறாவதை யாரும் கேட்பதில்லை. ஆனால் ஊரில் ஒருவரோடு ஒருவர் கதைக்காமல் இருக்கும் பல குடும்பங்களின் கோபம் அங்கேதான் தொடங்கியது.

| வழி | பதிவு எங்கே | எதற்கு நல்லது | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|
| ஒழுங்கைக் குழு | இல்லை | சிரமதானம், முறைப்பாடு, தகவல் | பணம் தனியாள் கணக்கில் தங்குவது |
| சனசமூக நிலைய உபகுழு | உள்ளூராட்சி சபை | விளக்கு, வடிகால், ஒழுங்கை, குப்பை | பழைய நிர்வாகத்தின் நிலுவைகள் |
| கிராம அபிவிருத்திச் சங்கம் | பிரதேச செயலகம் வழியாக | ஒப்பந்த வேலை, வாழ்வாதாரம் | முற்பணம், ஆண்டிறுதி அவசரம் |
| தனிப் பதிவு அல்லது உத்தரவாதக் கம்பனி | தனிச் சட்டங்களின் கீழ் | காணி, சம்பள ஆட்கள், பெருந்தொகை | ஆண்டுதோறும் கணக்காய்வு, அறிக்கை |

## பதிவில்லாத ஒழுங்கைக் குழு

ஒரு வட்ஸ்அப் குழு, படலைக்குப் படலை போய்ச் சொல்லும் இரண்டு பேர், ஒரு கொப்பி. அவ்வளவுதான். இதைக் குறைவாக எடைபோட வேண்டாம். தெருவிளக்கு, குப்பை வண்டி, டெங்கு ஆகிய மூன்றுக்கும் இதைவிட விரைவான வழி இல்லை.

விளக்கு முறைப்பாட்டில் "எங்கள் வீட்டு முன்னால்" என்று எழுதினால் வேலையாள் வந்து தேடிவிட்டுப் போய்விடுவார். மின்கம்பத்தில் எழுதியிருக்கும் இலக்கத்தை எழுதுங்கள். ஒரே கடிதத்தில் எல்லாக் கம்பங்களையும் போட்டு, கையெழுத்துகளுக்கு எதிரே ஒவ்வொரு வீட்டின் சோலைவரி (சபைக்குக் கட்டும் ஆதன வரி) இலக்கத்தையும் குறியுங்கள். வரி கட்டுபவர்கள் கேட்கிறார்கள் என்பது கடிதத்திலேயே தெரியும். ஆனால் கடிதம் போகுமுன் யாருக்கு வரி நிலுவை என்று உங்களுக்குள் பார்த்துக் கொள்ளுங்கள். அந்த இலக்கத்தை வைத்துச் சபையும் பார்க்கும்.

டெங்குக்குக் காலம் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு மார்கழி, தையில் நோயாளர் கூடுவார்கள். ஆகவே சுற்றிப் பார்க்கும் வேலை புரட்டாதிக்குள் முடிய வேண்டும். 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டம் வளவின் உரிமையாளர்மீதோ அங்கே இருப்பவர்மீதோ பொறுப்பைச் சுமத்துகிறது. பூட்டிய வீடுகளின் பட்டியலையும், திறப்பு யாரிடம் இருக்கிறது என்பதையும் குழு எழுதி வைத்திருந்தால் பொதுச் சுகாதார பரிசோதகருக்கு அரைநாள் வேலை மிச்சம். பீலி, மேல்தாங்கி, பாவிக்காத மலசலகூடத்துத் தண்ணீர்த் தொட்டி, மூடாத கிணறு. பூட்டிய வீட்டில் இந்த நான்கையும் பார்த்தாலே பெரும்பகுதி முடிந்தது.

பணம் சேர ஆரம்பிக்கும்போதுதான் இந்தக் குழு தள்ளாடும். 22 வீடு, வீட்டுக்கு 500 ரூபா என்றால் மாதம் 11,000; வருடத்தில் 132,000. அது ஒருவருடைய சொந்தக் கணக்கில் இருக்கிறது. அவர் திடீரென்று இறந்துபோனால் வங்கி கணக்கை நிறுத்தும், பணம் அவருடைய பிள்ளைகளுக்குப் போகும். அது ஒழுங்கைப் பணம் என்று நிறுவ உங்களிடம் வட்ஸ்அப் செய்தியைத் தவிர ஒன்றும் இருக்காது. அவர் உயிரோடு இருந்தாலும், அந்தப் பணம் அவர் வருமானமா என்ற கேள்விக்கு அவரே பதில் சொல்ல வேண்டும்.

எனவே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்கென்று சேர்த்து, வேலைக்கே செலவழித்து, ஏழு நாளுக்குள் பற்றுச்சீட்டின் படத்தோடு கணக்கைக் குழுவில் போட்டு, மிச்சத்தைப் பூச்சியத்துக்குக் கொண்டு வாருங்கள். மிச்சம் அடுத்த மாதத்துக்குத் தாவத் தொடங்கினால், அடுத்த வழிக்குப் போகும் நேரம் வந்துவிட்டது.

இன்னொன்று, வட்ஸ்அப் இல்லாதவர்கள். தனித்து வாழும் வயதான அம்மாமார்தான் வெள்ளத்தில் அதிகம் கஷ்டப்படுகிறவர்கள். குழுவில் இல்லாதவர்களும் அவர்கள்தான். கூட்டம் என்றால் துண்டுக் கடதாசியில் எழுதிப் படலையில் கொடுங்கள். திருநெல்வேலி போன்ற இடங்களில் அறை எடுத்துத் தங்கும் மாணவர்களையும் வாடகைக்காரரையும் சேருங்கள். குப்பையைச் சரியான நாளில் வெளியே வைப்பதும் வைக்காததும் அவர்கள் கையில்.

## சனசமூக நிலையம்

யாழ்ப்பாணத்தவருக்கு இதை அறிமுகம் செய்யத் தேவையில்லை. பத்திரிகை வாசிக்கும் கூடம், பின்னால் முன்பள்ளி, முன்னால் ஒரு விளையாட்டு இடம். உள்ளூராட்சி சபையில் பதிந்து ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவது; சபையின் சனசமூக அபிவிருத்தி உத்தியோகத்தர் தொடர்பில் இருப்பார். ஒழுங்கையும் விளக்கும் வடிகாலும் குப்பையும் சபையுடையவை என்றால், சபைக்கு ஏற்கெனவே தெரிந்த அமைப்பின் கடிதத் தலைப்பில் போகும் கோரிக்கைதான் எளிதாகக் கோவையில் ஏறும். சொந்த வங்கிக் கணக்கும் இருக்கும். புதிதாக யாப்பு எழுத வேண்டியதில்லை.

ஆனால் பெயர்ப்பலகையைப் பார்த்து நம்பிவிட வேண்டாம். சேருமுன் ஐந்தைக் கேளுங்கள்: கடைசிப் பொதுக்கூட்டம் எப்போது, இந்த வருடப் பதிவு புதுப்பிக்கப்பட்டதா, வங்கிக் கணக்கில் கையெழுத்திடும் மூவரும் இன்னும் ஊரில் இருக்கிறார்களா, கடைசிக் கணக்கறிக்கையை உள்ளகக் கணக்காய்வாளர் ஒப்பமிட்டாரா, கட்டடம் நிற்கும் காணி யார் பெயரில். கையெழுத்திடுபவர்களில் இருவர் வெளிநாட்டில் இருந்தால் கணக்கு உறைந்த மாதிரிதான். புதிய நிர்வாகசபையின் தீர்மானத்தோடு வங்கிக்குப் போய் மாற்றும்வரை ஒரு சதமும் எடுக்க முடியாது.

காணிதான் இங்கே பெரிய மறைமுகச் செலவு. பல வாசிகசாலைகள் ஊர்ப் பெரியவர் ஒருவர் வாய்ச்சொல்லால் தந்த துண்டில் நிற்கின்றன. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி காணி கைமாறுவதற்கு நொத்தாரிசு முன்னிலையில் உறுதி வேண்டும்; வாய்ச்சொல் செல்லாது. பத்து வருடம் ஆண்டால் உரிமை வந்துவிடும் என்று நினைப்பார்கள். சொந்தக்காரரின் அனுமதியோடு இருந்த காலம் அந்தக் கணக்கில் சேராது. பேரப்பிள்ளைகள் காணியை விற்க வரும்போதுதான் இது வெளிச்சத்துக்கு வரும். பதிவு பெற்ற கம்பனிபோல் சட்டத்தில் தனியாள் என்ற தகுதி இல்லாத சங்கம் தன் பெயரில் காணி வைத்திருக்க முடியாது என்பதால், நம்பிக்கைப் பொறுப்பாளர் பெயரிலோ சபையின் பெயரிலோ அன்பளிப்பு உறுதி எழுதுவதுதான் வழி. காணியைத் தந்தவர் உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்து முடியுங்கள். உங்கள் ஒழுங்கைப் பணத்தில் அந்தக் கட்டடத்துக்கு ஓடு மாற்றுவது பிறகு இருக்கட்டும்.

ஒரு விடயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரே கிராம அலுவலர் பிரிவுக்குள் மூன்று நான்கு சனசமூக நிலையங்கள் இருப்பதற்குத் தூரம் மட்டும் காரணமில்லை. சில இடங்களில் சாதியும் காரணம். உங்கள் ஒழுங்கையின் ஒரு முனை ஒரு நிலையத்துக்கும் மறுமுனை இன்னொன்றுக்கும் என்று பிரிந்திருந்தால், ஒன்றின் கீழ் உபகுழு அமைப்பது மற்றப் பக்கத்தை வெளியே தள்ளிவிடும். வெள்ளம் இரண்டு பக்கமும்தான் வருகிறது. அப்படியான இடத்தில் இரண்டு நிலையங்களும் ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டு ஒரு கூட்டுக் குழுவை ஏற்க வேண்டும். யாராவது ஒரு பக்கம் மறுத்தால், அந்த ஒழுங்கைக்கு மட்டும் பதிவில்லாத குழுவாகவே எல்லா வீட்டையும் சேர்த்து இயங்குங்கள். எல்லா வீடும் உள்ளே இருப்பது பதிவைவிடப் பெறுமதியானது.

## கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும்

இவை பிரதேச செயலகத்துடனும் கிராம அபிவிருத்தித் திணைக்களத்துடனும் தொடர்புபட்டவை. எல்லை உங்கள் ஒழுங்கை அல்ல, முழுக் கிராமம். உங்கள் ஒழுங்கை நாற்பதில் ஒன்று என்பதால் பொதுக்கூட்டத்தில் உங்களுக்கு எத்தனை வாக்கு என்பதுதான் முன்னுரிமையைத் தீர்மானிக்கும். இரண்டு பேர் போய்விட்டு "எங்களைக் கவனிக்கவில்லை" என்று சொல்வதில் நியாயமில்லை. வீட்டுக்கு ஒருவராவது அங்கத்துவம் எடுத்துக் கூட்டத்துக்குப் போக வேண்டும். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் கூட்ட வரவும் சேமிப்புக் கணக்கும் ஒழுங்காக இருக்குமென்றால், ஒழுங்கைக் கோரிக்கையை அங்கிருந்தே தொடங்குங்கள்.

இந்த வழியின் பெரிய பலம், அரச நிதியில் வரும் சிறு வேலையைச் சங்கமே ஒப்பந்தமாகச் செய்யலாம் என்பது. தொகைக்கு உச்சவரம்பு உண்டு. அது சுற்றறிக்கைக்குச் சுற்றறிக்கை மாறும் என்பதால் அந்த வருடத்துக்கான தொகையைப் பிரதேச செயலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். தொழில்நுட்ப உத்தியோகத்தர் மதிப்பீடு போடுவார், ஒப்பந்தம் எழுதப்படும், சங்கம் வேலையைச் செய்யும், அவர் அளந்து பார்த்த பிறகு பணம் வரும்.

"பிறகு" என்ற சொல்லைக் கவனியுங்கள். 100 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம், 10 சென்ரிமீற்றர் தடிப்பில் கொங்கிறீற் போட 30 கன மீற்றர் தேவை. சீமெந்து, மணல், சல்லி 1:2:4 என்ற கலவையில் அதற்கு ஏறத்தாழ 190 பை சீமெந்து போகும். அதை ஹாட்வெயாரில் கடனுக்கு எடுப்பது பொருளாளரின் முகத்துக்காக. கொடுப்பனவு இரண்டு மாதம் பிந்தினால் கடைக்காரர் சங்கத்தைத் தேடமாட்டார், பொருளாளரின் வீட்டுக்குத்தான் வருவார். முற்பணம் எவ்வளவு, எத்தனை கட்டமாகக் கொடுப்பனவு, கடைசியில் எவ்வளவு தடுத்து வைப்பார்கள் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் எழுதிக் கேளுங்கள்.

அடுத்தது காலம். அரச நிதியாண்டு டிசம்பர் 31 இல் முடிகிறது. நிதி ஆடி, ஆவணிக்குப் பிறகு வந்தால் வேலை மாரிக்குள் விழும். கொட்டும் மழையில் போட்ட கொங்கிறீற்றில் மேல்சீமெந்து கழுவுண்டு சல்லி தெரியும். "பணம் திரும்பிப் போய்விடும்" என்ற பயத்தில் கார்த்திகையில் போட்ட ஒழுங்கையை அடுத்த மாரியில் பார்த்தால் தெரியும். மதிப்பீட்டை வருடத் தொடக்கத்திலேயே எடுத்து வைத்திருக்கும் சங்கத்துக்குத்தான் சித்திரை, வைகாசியில் வேலை தொடங்க வாய்ப்பு.

வேலை நடக்கும்போது ஒழுங்கைக்காரர் பார்க்க வேண்டியவை இன்னும் இரண்டு உண்டு.

ஒன்று, மட்டம். பழைய தார், கிறவலுக்கு மேலேயே நாலு அங்குலம் போட்டால் ஒழுங்கை உயரும், வளவுகள் பள்ளமாகும். முன்பு ஒழுங்கையில் நின்ற தண்ணீர் இனி முற்றத்தில் நிற்கும். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் மழையின்போது எந்த வீட்டுப் படியில் எதுவரை தண்ணீர் வந்தது என்று மதிலில் குறித்திருந்தால், அதைத் தொழில்நுட்ப உத்தியோகத்தருக்குக் காட்டுங்கள். பத்தடி அகல ஒழுங்கைக்கு ஒரு பக்கம் மூன்று அங்குலச் சரிவு, அந்தப் பக்கத்தில் வாய்க்கால், அந்த வாய்க்கால் போய்ச் சேரும் இடம் ஆகிய மூன்றும் மதிப்பீட்டில் இல்லையென்றால் வேலையைத் தொடங்க விடாதீர்கள். போய்ச் சேரும் இடம் இல்லாத வாய்க்கால் நீளமான நுளம்புத் தொட்டி.

மற்றது, குழாய். தாளையடி கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தையும் சேர்த்த குடிநீர்த் திட்டத்தின் குழாய்கள் உள்வீதிகளுக்கு வந்துகொண்டிருக்கின்றன. உங்கள் ஒழுங்கைக்கு இன்னும் வரவில்லையென்றால் நீர் வழங்கல் சபையிடம் முதலில் கேளுங்கள். குறைந்தது ஒவ்வொரு வீட்டுப் படலைக்கு நேரேயும் குறுக்காக ஒரு வெற்றுப் பீ.வீ.சீ. குழாயைக் கொங்கிறீற்றுக்குக் கீழே புதைத்து, இடத்தை மதிலில் அடையாளமிடுங்கள். பிறகு உடைத்து ஒட்டிய கொங்கிறீற் ஒருபோதும் பழைய மாதிரி வராது.

## தனிப் பதிவும் உத்தரவாதக் கம்பனியும்

1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழ் பதிவது ஒரு வழி. 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுத்த கம்பனியாக, அதாவது பங்குகளுக்குப் பதில் அங்கத்தவரின் உத்தரவாதத்தில் இயங்கும் கம்பனியாகப் பதிவது இன்னொரு வழி. கம்பனிக்குச் சட்டத்தில் தனி ஆள் என்ற நிலை உண்டு. காணியைத் தன் பெயரில் வாங்கலாம், வழக்கில் தன் பெயரில் நிற்கலாம், ஒரு நிர்வாகி இறந்தாலும் சொத்து அசையாது.

விலை அதற்கேற்றது. கணக்காய்வாளர், கம்பனிச் செயலாளர், ஆண்டறிக்கை, பணிப்பாளர் மாற்ற அறிவித்தல். இவற்றில் எதையும் ஒரு வருடம் விட்டால் அபராதம். 22 வீட்டின் சந்தாவில் பெரும்பகுதி தாளுக்கே போய்விடும். முன்பள்ளி நடத்தி ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பது, முதியோர் இல்லம், வெளிநாட்டிலிருந்து ஒவ்வொரு வருடமும் பெருந்தொகை என்றால் இது சரி. ஒரு வடிகாலுக்கு இது அதிகம்.

வழக்குப் போடச் சங்கம் வேண்டும் என்ற எண்ணத்தில் சிலர் இதைத் தேர்கிறார்கள். தேவையில்லை. பொதுப்பாதையை ஒருவர் மறித்தால் 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98 ஆம் பிரிவின்கீழ் நீதவான் அதை அகற்றக் கட்டளையிடலாம். மதில், தண்ணீர், மரக்கிளைப் பிணக்குகளுக்கு மத்தியஸ்த சபை இருக்கிறது. பலர் அதை இணக்க சபை என்பார்கள்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இந்த ஒப்பீடு பொருந்தாது. அங்கே 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின்படி வீட்டுரிமையாளர் எல்லோரையும் கொண்ட முகாமைக் கூட்டுத்தாபனம் தனியாக இயங்கும்.

## வெளிநாட்டுப் பணம் வரும்போது

எந்த வழியானாலும் பணம் தனியாளின் கணக்குக்கு வரக்கூடாது. அனுப்புகிறவரின் அன்பும் பெறுகிறவரின் நேர்மையும் சந்தேகத்துக்கு உரியவை என்பதால் அல்ல. இரண்டும் கணக்குப் புத்தகம் இல்லாததால்தான் கெடுகின்றன.

வேலைக்கு முன் மதிப்பீடும், நடுவில் படங்களும், முடிவில் பற்றுச்சீட்டுகளோடு ஒரு பக்கக் கணக்கும் போக வேண்டும். "மாரிக்கு முன் செய்யுங்கள்" என்று வரும் அழுத்தத்துக்காகச் சபையின் அனுமதி இல்லாமல் பொது ஒழுங்கையில் கொங்கிறீற் போடக்கூடாது. சபை அதை உடைக்கச் சொன்னால் அந்தப் பணத்துக்கு யார் பொறுப்பு?

கூட்டத்தைச் சூமில் வைத்தால் நேரத்தைப் பாருங்கள். இங்கே மாலை 6.30 என்றால் கோடையில் ரொறன்ரோவில் காலை 9, லண்டனில் பிற்பகல் 2. பனிக்காலத்தில் ஒரு மணித்தியாலம் முந்தும். வெளிநாட்டில் உள்ளவர் கருத்துச் சொல்லட்டும், தன் பணம் எதற்குப் போகவேண்டும் என்று சொல்லட்டும். ஆனால் ஒழுங்கையில் அன்றாடம் நடப்பவர்களின் வாக்கை மீறும் உரிமை பணத்தோடு சேர்ந்து வரக்கூடாது என்று யாப்பிலோ தீர்மானத்திலோ எழுதிவிடுங்கள். அப்படி எழுதும் நாள் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். எழுதாமல் விட்டால் அந்தச் சங்கடம் வருடந்தோறும் வரும்.

## ஆக, யாருக்கு எது?

ஒழுங்கை தனியாருடையது என்றால்: பதிவில்லாத குழு. சபைக்குக் கையளிக்கும் வேலை முடியும்வரை வேறு எதுவும் வேண்டாம்.

ஒழுங்கை சபையுடையது, அருகில் உயிரோடு இயங்கும் சனசமூக நிலையம் இருக்கிறது என்றால்: அதன் உபகுழு. நிலையம் தூங்கிக் கிடந்தால் அடுத்த பொதுக்கூட்டத்துக்கு ஒழுங்கையிலிருந்து பத்துப் பேர் அங்கத்துவம் எடுத்துப் போய் நிர்வாகத்தில் மூன்று இடம் கேளுங்கள். புதுச் சங்கம் பதிவதைவிட இது விரைவு.

தேவை பெரிது, பல ஒழுங்கைகளை ஊடறுக்கும் வெள்ள வாய்க்கால் என்றால்: கிராம அபிவிருத்திச் சங்கம், ஆனால் சனசமூக நிலையத்தின் கடிதமும் சேர்ந்து. வாய்க்கால் குளத்தில் விழுந்தால் கமக்காரர் அமைப்பையும் கூட்டத்துக்கு அழையுங்கள். அவர்கள் சம்மதமில்லாமல் வயலுக்குள் வெள்ளத்தைத் திருப்பினால் வேலை பாதியில் நிற்கும்.

காணியோ சம்பளமோ இருந்தால் மட்டும் கம்பனி.

கோயில் பரிபாலன சபையையும் விளையாட்டுக் கழகத்தையும் கேட்பவர்கள் உண்டு. ஆட்களைச் சேர்க்க அவற்றைவிட வலிமையான அமைப்பு ஊரில் இல்லை. சிரமதானத்துக்குக் கழகப் பொடியளை அழையுங்கள். ஆனால் ஒழுங்கைப் பணத்தைத் திருவிழாப் பணத்தோடு ஒரே கணக்கில் போடாதீர்கள்.

## உபகுழுத் தீர்மானத்தில் என்ன எழுதுவது?

சனசமூக நிலைய நிர்வாகசபையின் கூட்ட அறிக்கைப் புத்தகத்தில் ஒரு பக்கத் தீர்மானம் போதும். குழுவின் பெயரும் ஒழுங்கையின் எல்லையும். ஐந்து உறுப்பினர், அதில் குறைந்தது இரண்டு பெண்கள், ஒரு வாடகைக்காரர். நிலையத்தின் வங்கிக் கணக்கில் வரும் ஒழுங்கைப் பணத்துக்குத் தனிப் பேரேட்டுப் பக்கமும் தனிப் பற்றுச்சீட்டுப் புத்தகமும். ஐவரில் மூவர் எழுத்தில் கேட்டால்தான் அந்தப் பணத்தை எடுக்கலாம் என்ற நிபந்தனை. நிலையத்தின் மற்றச் செலவுக்கு அதைத் தொட முடியாது என்ற வரி. ஒரு வருடத்தில் காலாவதி, பொதுக்கூட்டத்தில் புதுப்பித்தல். குழு கலைந்தால் மிச்சம் அதே ஒழுங்கையின் விளக்கு அல்லது வடிகாலுக்கே என்ற முடிவு. இதன் பிரதி ஒன்று சபையின் சனசமூக அபிவிருத்தி உத்தியோகத்தருக்கு, ஒன்று கிராம அலுவலருக்கு.

முதல் கோரிக்கைக் கடிதம் ஆவணி முடியுமுன் சபைக்குப் போகட்டும். அடுத்த வருட வரவுசெலவுத் திட்டம் ஆண்டின் கடைசி மாதங்களில் சபைக்கு வருகிறது. மார்கழியில் கொடுத்த கடிதம் ஒரு முழு வருடம் காத்திருக்கும். கடிதத்தைத் தவிசாளருக்கோ முதல்வருக்கோ எழுதி, செயலாளருக்கோ ஆணையாளருக்கோ பிரதியிட்டு, உங்கள் வட்டார உறுப்பினருக்கும் ஒன்று கொடுங்கள். ஒழுங்கையின் நீளம், அகலம், வீடுகளின் எண்ணிக்கை, தண்ணீர் நிற்கும் இடத்தின் படம், வீதிப் பதிவேட்டுப் பெயர் ஆகியவற்றை இணையுங்கள். நேரில் கொடுத்தால் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள்; இல்லையென்றால் பதிவுத் தபாலில் அனுப்பிச் சீட்டைக் கூட்ட அறிக்கைப் புத்தகத்தில் ஒட்டி வையுங்கள்.